வலையா, தளமா?

சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளையிடம், "வேலைக்கு ஏதாவது முயற்சி பண்றியாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆன்லைன்ல போட்டு வெச்சிருக்கேன் அங்கிள்" என்று பதில் வரும். "எதுல போட்டிருக்கே?" என்று அடுத்த கேள்வி போட்டால், "எல்லாத்துலயும்தான்!"

இந்த 'எல்லாத்துலயும்' என்ற ஒரு வார்த்தையைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்ளப் போகிறோம். நௌக்ரி அதில் இருக்கிறது. அரசாங்க இணையதளம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய லிங்க்கும் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே போட்டோ, ஒரே ஆதார் நம்பர், ஒரே நம்பிக்கை! சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் என்றால் கடலூருக்கு பஸ் ஏற வேண்டும். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமானது. அப்புறம் விழுப்புரத்துக்கு பஸ். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே மாவட்டமானது. இப்போது எந்த பஸ்ஸும் வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும். தூரம் குறைந்துவிட்டது, சந்தோஷம்தான். ஆனால், அந்த நாளில் வரிசையில் நின்றவருக்கு ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரியும்: தான் நிற்பது கவர்ன்மெண்ட் ஆபீஸ் வாசலில் என்பது. போனில் அந்த வாசல் தெரிவதில்லை. எல்லா வாசலும் ஒரே மாதிரி பளபளக்கிறது.

'வேலை தேடித் தரும் வெப்சைட்டுகளை நம்பலாமா, கூடாதா?' என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் கட்சி. 'கடையை நம்பலாமா?' என்று யாராவது கேட்பார்களா? எந்தக் கடை, என்ன விற்கிறான், கல்லாவில் யார் பணம் போடுகிறார்கள் என்றுதானே பார்ப்போம்? பி.காம் படித்தவனுக்கு வேறென்ன தெரியும்... பேரேட்டைத் திறந்து வரவுப் பக்கத்தைப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில், பெரிய தனியார் தளங்கள். நௌக்ரி 1997-ல் ஆரம்பித்தது. அதன் தாய் நிறுவனமான இன்ஃபோ எட்ஜ் 2006-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. அதனால் அதன் கணக்கு வழக்கு ஊரறிய இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மான்ஸ்டர் என்று நமக்குப் பழகிய தளம் 2022-ல் 'ஃபவுண்டிட்' என்று பேர் மாற்றிக்கொண்டது. டிரைவர், டெலிவரி, கடை வேலை போன்றவற்றுக்காக 2019-ல் 'அப்னா' என்று ஒரு ஆப் வந்தது.

இவர்களுக்கு முக்கியமான வருமானம் எங்கிருந்து? ஆள் தேடும் கம்பெனிகளிடமிருந்து. விளம்பரம் போடக் காசு, பயோடேட்டாக்களைப் புரட்டிப் பார்க்கக் காசு. அதாவது, வாடிக்கையாளர் கம்பெனிக்காரர். நீங்களும் நானும்? கோபித்துக்கொள்ளாதீர்கள், அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கு!

இதில் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு. கம்பெனி காசு கொடுப்பதால், உங்களிடம் காசு கேட்கவேண்டிய அவசியம் தளத்துக்கு இல்லை. விண்ணப்பிப்பது இலவசம். ஆனால், இவர்களிலேயே சிலர் 'உங்கள் பயோடேட்டாவை அழகாக எழுதித் தருகிறோம்', 'உங்களை முன்வரிசையில் காட்டுகிறோம்' என்று பணம் வாங்கும் சேவைகளையும் வைத்திருக்கிறார்கள். சட்டப்படி தப்பில்லை. 'வேலைக்கு உத்தரவாதம் இல்லை' என்று பொடி எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். என் விமர்சனம் வேறு. ஒரே கல்லாவில் இரண்டு பக்கமும் காசு விழ ஆரம்பித்தால், வேலை கிடைக்காதவரின் பதற்றமும் ஒரு வியாபாரச் சரக்காகிவிடுகிறது. முதல் வேலை தேடும் கள்ளக்குறிச்சிப் பிள்ளைக்கு இந்தச் சேவை தேவையே இல்லை. ஒரு பக்க பயோடேட்டாவைக் காலேஜ் வாத்தியாரே திருத்திக் கொடுப்பார்.

இந்தத் தளங்கள் அடிப்படையில் பஸ் ஸ்டாண்ட் சுவர் மாதிரி. சுவர்க்காரர் நோட்டீஸ் ஒட்ட இடம் கொடுக்கிறார். நோட்டீஸில் இருப்பதற்கெல்லாம் அவர் ஜவாப்தாரி இல்லை. 2000-ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு, சில நிபந்தனைகளோடு, இப்படிப்பட்ட இடைத்தரகுத் தளங்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. ஆகவே 'நௌக்ரியில் வந்தது, அதனால் நிஜம்' என்று முடிவு கட்டாதீர்கள். சுவர் நல்ல சுவராக இருக்கலாம், ஒட்டியவன் யாரென்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சுவரில் நம்மூர் முதலாளிகளின் நோட்டீஸ் அநேகமாக இருக்காது. அரிசி ஆலைக்காரரும், ஜவ்வரிசி ஆலைக்காரரும், ஜவுளிக்கடைக்காரரும் ஆள் தேடுவதற்கென்று வருடச் சந்தா கட்ட மாட்டார்கள். 'ஆட்கள் தேவை' என்று வாசலில் அட்டை தொங்கவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. ஆகவே, சென்னைக்கும் பெங்களூருக்கும் போகத் தயாராக இருப்பவருக்குத்தான் இந்தச் சுவரால் பிரயோஜனம் அதிகம்.

அடுத்தது, அரசாங்கத் தளங்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்பு சேவைத் தளம் (என்.சி.எஸ்.) 2015 ஜூலையில் வந்தது. தமிழக அரசு, தனியார் வேலைகளுக்கென்றே 'டி.என். பிரைவேட் ஜாப்ஸ்' தளத்தை 2020-ல் திறந்தது. இரண்டிலும் நமக்கும் செலவில்லை, கம்பெனிக்கும் செலவில்லை. எம்ப்ளாய்மெண்ட் பதிவு, மூன்று வருடத்துக்கொரு முறை புதுப்பித்தல் எல்லாம் நடக்கும் 'வேலைவாய்ப்பு' தளம் வேறு. பலர் அதில் பதிந்துவிட்டு, தனியார் வேலைக்கும் பதிந்தாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். அது தனி, இது தனி.

அரசுத் தளங்களுக்கு என் மார்க்? நாணயத்துக்கு நூறு. சுறுசுறுப்புக்கு... வேண்டாம், விடுங்கள். காசு வாங்காத இடத்தில் திருட்டு குறைவு. காசு வராத இடத்தில் அவசரமும் குறைவு. பழைய அறிவிப்பு அப்படியே கிடந்தாலும் யாருக்கும் தூக்கம் கெடாது. தளத்தைக் கட்டி முடித்ததையே சாதனையாக எண்ணி ரிப்பன் வெட்டிவிடுகிறோம். எத்தனை பேர் பதிந்தார்கள் என்ற கணக்கை வெளியிடும்போதே, எத்தனை பேர் வேலைக்குப் போய் ஆறு மாதம் தாக்குப்பிடித்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்துப் போட்டால்தான் அந்தத் தளத்துக்கு உண்மையான மார்க் போட முடியும். ஆனாலும் சொல்கிறேன், முதலில் பதிய வேண்டிய இடம் இதுதான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலை முகாம்களுக்கு நேரில் போங்கள். கம்பெனிக்காரரின் முகத்தைப் பார்த்துச் சம்பளம் கேட்கிற வசதி எந்த ஆப்பிலும் கிடையாது.

மூன்றாவது வகைக்கு வருவோம். இவன் சுவர்க்காரனும் இல்லை, சர்க்காரும் இல்லை. இரண்டு பேரின் சட்டையையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்பவன்.

2022 டிசம்பர் கடைசியில் ஒடிசா போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு ஒரு கும்பலைப் பிடித்தது. உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில் உட்கார்ந்துகொண்டு, அரசாங்க சுகாதாரத் திட்டம் போலவே பெயர் வைத்து வெப்சைட் நடத்தியவர்கள். ஏமாந்தவர்கள் பல மாநிலங்களில் சுமார் 50,000 பேர் என்றது போலீஸ். தலைக்கு எவ்வளவு? மூவாயிரத்தில் தொடங்கும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகும். இந்த மூவாயிரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூவாயிரம் போனால் நாம் போலீஸுக்குப் போக மாட்டோம், 'விட்டுத் தொலை' என்போம். 50,000 பேர் 'விட்டுத் தொலை' என்றால்? மூவாயிரம் கணக்கில் பார்த்தாலே 15 கோடி ரூபாய்!

சட்டை மாற்றாமல், சொந்தப் பெயரிலேயே தளம் நடத்தியவர்கள் மீதும் புகார் வந்ததுண்டு. 2019 ஜனவரியில் ஹைதராபாத்தின் விஸ்டம் ஜாப்ஸ் தளத்தின் தலைமை அதிகாரி உட்படப் பலரை சைபராபாத் போலீஸ் கைது செய்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 70 கோடி என்பது அன்றைக்கு போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு. பெரிய ஆபீஸ், அழகான வெப்சைட், பல வருட அனுபவம் என்பதெல்லாம் நாணயத்துக்கு அத்தாட்சி ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம், வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி. முடித்துக் கொடுத்தால் 'தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்' என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி உங்களிடமே பணம் பறிப்பார்கள். இதன் புது அவதாரம், 'வீடியோவுக்கு லைக் போடு, காசு வாங்கு'. முதல் நாள் நிஜமாகவே நூற்றைம்பது ரூபாய் வரும். அது தூண்டில் புழு. நான்காம் நாள் 'பத்தாயிரம் கட்டினால் பெரிய டாஸ்க்' என்பான். இது நம்மூர் கூத்து மட்டுமில்லை. இந்த மாதிரி 'டாஸ்க்' மோசடி பற்றி 2020-ல் ஒரு புகார்கூட வராத அமெரிக்காவில், 2024-ன் முதல் ஆறு மாதத்திலேயே சுமார் 20,000 புகார்கள் வந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் சொன்னது. படித்தவன், பணக்கார நாட்டுக்காரன் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள்.

"வெப்சைட்டே வேண்டாம் சார், தெரிஞ்சவங்க மூலமாப் போறதுதான் சேஃப்" என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியா? 2022 ஜூன், ஜூலையில் டெல்லி ரயில் நிலைய பிளாட்பாரத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 28 பேர் தினமும் எட்டு மணி நேரம் நின்று, வருகிற ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர், கிளார்க் வேலைகளுக்கு இதுதான் டிரெயினிங் என்று அவர்களை நம்ப வைத்திருந்தார்கள். ஒரு மாதம் எண்ணினார்கள். ஆளுக்கு 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை, மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய் போயே போச்சு. இவர்களை அழைத்துப் போனது முகம் தெரியாத வெப்சைட் இல்லை. உதவி என்று நினைத்துச் செய்ததாகச் சொன்ன, 78 வயது முன்னாள் ராணுவத்தினர். தானும் ஏமாந்ததை உணர்ந்து டெல்லி போலீஸில் புகார் கொடுத்தவரும் அவரேதான். ஏமாற்றுகிறவனைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். தான் ஏமாந்திருப்பது தெரியாமல் நல்ல மனசோடு நம்மைக் கூட்டிப் போகிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் கண்ணில் பொய் இருக்காதே!

இதை மலையிலிருந்து பார்த்தால் இன்னும் வலிக்கும். கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் முடிவுக்கு வந்ததே 1976-ல்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, அந்த மலை மக்களின் வாழ்க்கை நிலையை சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. சாலைக்கும் பஸ்ஸுக்குமே கோர்ட் கேட்க வேண்டியிருந்த மலை அது. அங்கே வேலைச் செய்தி வெள்ளிமலை சந்தையில், ஒரு புரோக்கரின் வாய்வழியாக வந்து சேரும். 'கட்டட வேலை, எஸ்டேட் வேலை, நல்ல கூலி, இந்தா அட்வான்ஸ்.' ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன் என்று நம் மலைகளிலிருந்து இப்படி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு செம்மரக் காட்டுக்குப் போனவர்கள் உண்டு. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள். வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு என்பதைக் கேட்டவர்கள், வேலை எது என்பதைக் கேட்டிருந்தாலும் நிஜமான பதில் கிடைத்திருக்குமா என்ன?

இன்று அதே புரோக்கர் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டார். காடு மட்டும் மாறியிருக்கிறது. 'தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ் வேலை' என்று நம்பிப் போன இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, பிறரை ஏமாற்றும் வேலையைத் துப்பாக்கி முனையில் செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதமே 13 தமிழர்கள் மீட்கப்பட்டு சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 500-க்கும் அதிகமான இந்தியர்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அரசாங்க எச்சரிக்கைக்கும் இதற்கும் நடுவே இரண்டரை வருடம்! எச்சரிக்கை நம் தெருவுக்கு நடந்து வருகிறது, விளம்பரம் பறந்து வருகிறது.

சரி, என்னதான் செய்வது? ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். கணக்குப் பிள்ளை வேலைதான், கஷ்டமில்லை.

ஒன்று, வெப்சைட் முகவரியின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். முன்னால் 'தமிழ்நாடு', 'ரயில்வே', 'கவ்' என்று எதை வேண்டுமானாலும் யாரும் போட்டுக்கொள்ளலாம். 'டாட் கவ் டாட் இன்' என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான். அரசாங்க வேலை என்று சொல்லிவிட்டு முகவரி 'டாட் காம்', 'டாட் ஆர்க்' என்று முடிந்தால், அந்த அறிவிப்பு சம்பந்தப்பட்ட துறையின் அரசுத் தளத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

இரண்டு, கம்பெனியின் ஜாதகம். பதிவு செய்த ஒவ்வொரு கம்பெனிக்கும் சி.ஐ.என். என்று 21 இலக்க எண் உண்டு. அதற்குள்ளேயே எந்த மாநிலத்தில் பதிவானது, எந்த வருடத்தில் பிறந்தது என்பது இருக்கிறது. 'இருபத்தைந்து வருட பாரம்பரியம்' என்பான், எண்ணுக்குள் 2023 என்று இருக்கும்! ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாட்டுக்கு 33. இரண்டையும் அரசுத் தளங்களில் போட்டுச் சரிபார்க்கலாம். ஆனால், நல்ல கம்பெனியின் எண்ணைத் திருடிப் போட்டுக்கொள்பவனும் உண்டு. ஆகவே...

மூன்று, உங்களுக்கு வந்த நம்பரில் திருப்பிப் பேசாதீர்கள். கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் இருக்கும் நம்பரைத் தேடி எடுத்துப் பேசுங்கள். உளுந்தூர்பேட்டையில் காலணித் தொழிற்சாலைக்காகத் தைவானின் பௌ சென் நிறுவனத்தோடு தமிழக அரசு 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டது. 2,302 கோடி முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. இவ்வளவு பெரிய செய்தி வந்தால், அதன் நிழலில் 'ஷூ கம்பெனியில் வேலை, முன்பதிவுக்கு ஐந்நூறு' என்று ஒரு மெசேஜும் வரக்கூடும் என்று எதிர்பார்த்தே இருங்கள்.

நான்கு, வெளிநாடு என்றால் ஏஜெண்ட் 1983-ம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது தர மாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் அதே பதில்தான்.

ஐந்து, மற்ற நான்கும் மறந்துபோனாலும் இது மறக்கக்கூடாது. உள்ளூர் வேலைக்கு, பதிவு, யூனிபார்ம், லேப்டாப் டெபாசிட், டிரெயினிங் என்று எந்தப் பெயரில் தனி மனிதரின் ஜிபே நம்பருக்குப் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். அரசுத் தேர்வுக்குக் கட்டணம் உண்டு, ஆனால் அது அரசுத் தளத்திலேயே கட்டுவது. வேலை கொடுப்பவர் சம்பளம் தரத்தான் நம்மைக் கூப்பிடுகிறார், வசூல் பண்ண இல்லை.

ஏமாந்துவிட்டால்? உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு. வெட்கப்பட்டு ஒரு ராத்திரி தூங்கிவிட்டால் பணம் நாலு பேங்க் தாண்டிவிடும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நூற்றுக்கு மூன்று வட்டியில் ஐம்பதாயிரம் வாங்கிக் கட்டியிருந்தால், மாதம் 1,500, வருடத்துக்கு 18,000 வட்டி. அசல் அப்படியே நிற்கும். வேலையும் இல்லாமல் அந்த வட்டியைக் கட்டும் வீட்டில் பிள்ளையைப் பார்த்து 'இவ்வளவு படிச்சும் ஏமாந்தியே' என்று சொல்லிவிடாதீர்கள். பயத்தில் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை 1930-க்கும் பேசாது, உங்களிடமும் பேசாது. திருடனுக்கு வேண்டியதே அதுதான்.

ஆகவே, என் தீர்ப்பு இதுதான். தளங்களைப் பயன்படுத்துங்கள். அரசுத் தளத்தில் முதலில், பெரிய தனியார் தளத்தில் அடுத்து. ஆனால் 'எல்லாத்துலயும்' வேண்டாம். ஆதாரையும் பேங்க் கணக்கையும் ஆர்டர் கைக்கு வரும் முன்னால் யாருக்கும் அனுப்பாதீர்கள். கத்திரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிற ஜனங்கள் நாம். பிள்ளையின் எதிர்காலத்தை மட்டும் ஏன் லிங்க்கைத் தொட்டவுடன் வாங்கிவிடுகிறோம்?